கட்டைவிரல் அளவு வராகம்: குட்டி அழகு குறித்து ஒரு விசாரணை

கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணம், தாமாகவே தோன்றியவை என்று வைணவர்கள் போற்றும் எட்டுத் தலங்களில் ஒன்று. அங்கே பூவராகர் மேற்கு நோக்கி நிற்கிறார். முகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கிறது. கைகள் இரண்டும் இடுப்பில். இரணியாட்சனை வென்று பூமியை மீட்டவரின் மிடுக்கு அந்த நிலையிலேயே தெரிகிறது. ஆனால் இந்த அவதாரம் மிடுக்கோடு தொடங்கவில்லை. பாகவத புராணத்தின் மூன்றாம் கந்தம் சொல்லும் கதைப்படி, நீரில் மூழ்கிய பூமியை எப்படித் தூக்குவது என்று பிரம்மா யோசித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய மூக்குத் துவாரத்திலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு பன்றிக்குட்டி வெளியே வருகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது யானை அளவு வளர்ந்து வானத்தில் நிற்கிறது.

யானை அளவு உருவத்தின் முன் எழும் உணர்ச்சியைப் பற்றி உலகம் நிறையவே எழுதியிருக்கிறது. பிரமாண்டம், கம்பீரம், வியப்பு என்று அதற்குப் பல பெயர்கள். அதற்கு முந்தைய நொடியில், விரலளவு குட்டியைப் பார்த்தபோது எழுந்திருக்கக்கூடிய உணர்ச்சியைச் சிந்தனையாளர்கள் வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. குழந்தைகளுக்கும் பொம்மைக் கடைக்கும் உரிய சமாச்சாரம் என்று தள்ளிவிட்டார்கள். இன்றைக்குக் கைபேசித் திரையில் உலகம் மிக அதிகமாகப் பகிர்ந்துகொள்ளும் அழகு இதுதான். இளைஞர்கள் ‘க்யூட்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் இதை இங்கே குட்டி அழகு என்றே சொல்லலாம்.

இது எதனால் ஆனது, ஏன் இழுக்கிறது, எங்கே கெடுக்கிறது? உயிரியலும் அழகியலும் தமிழ் மரபும் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்திலிருக்கும் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலும் இதற்குச் சொல்லும் பதில்களை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். குட்டி அழகை அளவின் அழகாக மட்டும் பார்ப்பதில் ஒரு பிழை இருக்கிறது, அது காலத்தின் அழகும்கூட என்பது இதன் வாதம்.

உடம்பு போடும் கணக்கு

இதைப் பற்றிய அறிவியல் பேச்சு 1943இல் தொடங்குகிறது. ஆஸ்திரிய விலங்கு நடத்தையியலாளர் கோன்ராட் லோரன்ஸ், பெரியவர்களைக் கசியவைக்கும் குழந்தை உருவத்தின் கூறுகளை அந்த ஆண்டு பட்டியலிட்டார். உடம்பை நோக்கப் பெரிய தலை, புடைத்த நெற்றி, முகத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கிய பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான தடித்த கைகால்கள், தடுமாறும் நடை ஆகியவை அதில் இடம்பெற்றன. இவை சேர்ந்து தெரிந்தால் பேணும் தூண்டுதல் தானாக எழும் என்றார் அவர். பிறந்து பல ஆண்டுகள் தூக்கி வளர்க்கவேண்டிய பிள்ளைகளைப் பெறும் மனித இனத்துக்கு இது ஓர் உயிர்காப்பு ஏற்பாடு. அந்தத் தூண்டுதல் ஆள் பார்த்து எழுவதில்லை. முயலிடமும் நாய்க்குட்டியிடமும் பஞ்சுப் பொம்மையிடமும் எழுகிறது.

அமெரிக்கப் பரிணாம அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1979இல் இந்தப் பட்டியலை ஒரு சித்திர எலியின் மீது வைத்து அளந்தார். 1928இல் திரைக்கு வந்த மிக்கி மவுஸ் முதலில் குறும்பும் கொஞ்சம் கொடூரமும் உள்ள எலி. நல்ல பிள்ளையாக அது மாற மாற உருவமும் மாறியது. தலையின் நீளத்தில் 27 சதவீதமாக இருந்த கண் 42 சதவீதமானது. உடலை ஒப்பிடத் தலையும் பெருத்தது. மற்ற உயிர்கள் எல்லாம் குழந்தையிலிருந்து முதுமைக்குப் போக, மிக்கி ஐம்பது ஆண்டுகளில் முதுமையிலிருந்து குழந்தைமைக்கு வந்தது. ஓவியர்கள் லோரன்ஸைப் படித்துவிட்டு வரைந்தார்கள் என்பதற்கில்லை. மக்களுக்கு எது பிடித்ததோ அந்தப் பக்கம் கை போயிற்று.

2009இல் மெலனி க்ளாக்கரும் அவருடைய குழுவினரும் குழந்தை முகங்களின் படங்களைக் கணினியில் மாற்றி, கூறுகளைக் கூட்டியும் குறைத்தும், பிள்ளை பெறாத பெண்களிடம் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். கூறுகள் கூடக்கூட, பரிசையும் இனிப்பையும் எதிர்நோக்கும்போது விழிக்கிற மூளைப் பகுதி சுறுசுறுப்பானது. தாய்மை அடைந்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல இந்த ஈர்ப்பு என்பதற்கு அது ஒரு சான்று.

லோரன்ஸின் கணக்கில் ஓர் ஓட்டையும் உண்டு. பேணவேண்டிய தேவைதான் காரணம் என்றால் பச்சிளம் சிசுதான் மிகக் கவர்ச்சியாக இருக்கவேண்டும். ஆனால் பிறந்த சிசுவைவிடச் சில மாதக் குழந்தையே அதிகம் கவர்கிறது. முகம் பார்த்துச் சிரிக்கும், பொக்கை வாயால் பதில் சொல்லும் குழந்தை அது. இதைச் சுட்டிக்காட்டி, கேரி ஷெர்மனும் ஜோனதன் ஹைட்டும் 2011இல் வேறொரு விளக்கம் தந்தார்கள்: குட்டி அழகு நம்மைப் பேண அழைப்பதைவிடப் பழக அழைக்கிறது. விளையாடவும் பேசவும் கூப்பிட்டு, எதிரே இருப்பதை நம் வட்டத்துக்குள் ஓர் ஆளாகச் சேர்க்கச் சொல்கிறது.

ஜப்பானில் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி நித்தோனோ 2012இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே சேரவேண்டியது. நாய்க்குட்டி, பூனைக்குட்டிப் படங்களைப் பார்த்த மாணவர்கள், வளர்ந்த நாய் பூனைகளைப் பார்த்தவர்களைவிட, இடுக்கியால் சிறு பொருள்களை ஆடாமல் எடுக்கும் விளையாட்டில் கவனமாகச் செயல்பட்டார்கள். குட்டியைக் கண்டதும் மனம் உருகுவதோடு நிற்பதில்லை, கையும் மெதுவாகிறது.

பெரியதும் சிறியதும்

மேற்கத்திய அழகியலில் சிறுமையைப் பொருட்படுத்தியவர்களில் ஒருவர் எட்மண்ட் பர்க். 1757இல் வெளியான நூலில் அவர் கம்பீரத்தையும் அழகையும் இரண்டாகப் பிரித்தார். கம்பீரமானது பெரியது, இருண்டது, நம்மை அடக்குவது. அழகானது சிறியது, வழவழப்பானது, நமக்கு அடங்குவது. வியக்கும் பொருளின் முன் நாம் பணிகிறோம், நேசிக்கும் பொருள் நம் முன் பணிகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். குட்டி அழகுக்குள் ஓர் அதிகாரக் கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதை அவர் அப்போதே தொட்டுவிட்டார்.

அந்தக் கணக்கைக் கறாராக நீட்டியவர் அமெரிக்க இலக்கிய விமர்சகர் சியான் நிகாய். 2012இல் வந்த அவருடைய நூல், நம் காலத்தின் மூன்று அழகியல் வகைகளில் ஒன்றாகக் குட்டி அழகை வைக்கிறது. வலுவற்றதை ரசிப்பதே இதன் அடிப்படை என்கிறார் நிகாய். குழந்தையைக் குளிப்பாட்டும் தவளை வடிவ ஸ்பாஞ்ச் ஒன்றை அவர் உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். அது அழகாக இருக்கிறது, கூடவே பிழியவும் அழைக்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் பழைய முகத்தோடு திரும்பி வருவதே அதன் கவர்ச்சி. கொஞ்சலுக்குள் வன்மமும் இருக்கிறது, இரண்டையும் விற்பனைப் பண்டம் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு.

சைமன் மே 2019இல் எழுதிய நூலில் இதற்கு மாற்றாக ஒன்று சொல்கிறார். குட்டி அழகு வெறும் இனிப்பு அல்ல. அதில் புரியாமையும் லேசான திகிலும் கலந்திருக்கின்றன. 1974இல் ஜப்பானின் சான்ரியோ நிறுவனம் உருவாக்கிய ஹலோ கிட்டிக்கு வாய் கிடையாது. அது சிரிக்கிறதா, அழுகிறதா, நம்மை எடைபோடுகிறதா என்று சொல்ல முடியாது. 2025இல் உலகம் வரிசையில் நின்று வாங்கிய லபுபு பொம்மைக்கு வாய் நிறையக் கூரிய பற்கள். ஹாங்காங்கில் பிறந்த ஓவியர் காசிங் லுங் படைத்த அந்தக் குட்டிப் பூதத்தை, மே முன்வைத்த வாதத்துக்குப் பின்னால் வந்த சாட்சி எனலாம்.

ஜப்பானில் இந்த ரசனைக்கு ஆயிரம் ஆண்டு வயது. கி.பி. 1000ஐ ஒட்டி அரண்மனைப் பணிப்பெண் செய் ஷோனகோன் எழுதிய குறிப்பேட்டில் மனதுக்கு இனியவற்றின் பட்டியல் ஒன்று இருக்கிறது. முலாம்பழத்தில் வரைந்த குழந்தை முகம், கீச்சிட்டு அழைத்தால் தத்தி வரும் குருவிக்குஞ்சு, தரையில் கிடக்கும் தூசியைக் கண்டெடுத்துப் பெரியவர்களிடம் காட்டும் குழந்தை ஆகியவை அதில் வருகின்றன. கடைசி உதாரணத்தில் இரண்டு சிறுமைகள் இருக்கின்றன: சின்னப் பொருளும், அதைப் பெரிதாக எண்ணும் சின்ன மனமும்.

தொல்காப்பியம் இதை எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தால் ஓர் ஆச்சரியம். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள் உண்டு. அவற்றில் வியப்பைக் குறிப்பது மருட்கை. அது பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: புதியது, பெரியது, சிறியது, ஒன்று இன்னொன்றாக ஆவது. பர்க் எதிரெதிரே நிறுத்திய பெரியதும் சிறியதும் இங்கே ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த இலையில் மாற்றம் இருக்கிறது. விரலளவு குட்டி, யானை அளவு உருவம், ஒன்று மற்றதாகும் அந்த நொடி என வராகக் கதையின் மூன்று கட்டங்களுக்கும் இந்த ஒரே மெய்ப்பாடு இடம் தருகிறது. சிறியதைக் கண்டால் இரக்கம் வருகிறது என்று மேற்கு பெரும்பாலும் சொன்ன இடத்தில், வியப்பு வருகிறது என்று இந்த இலக்கணம் சொல்கிறது. அடுத்து என்ன ஆகப்போகிறதோ என்கிற எதிர்பார்ப்பும் அந்த வியப்புக்குள்ளேயே இருக்கிறது.

பத்துப் பருவமும் வளரும் பிள்ளையும்

குட்டி அழகைத் தனி இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டுப் பாடியதில் கருவாகி, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் உருவாகி, 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் உச்சம் தொட்டது இந்த வகை. பின்னாளில் நபிகள் நாயகம் மீதும் காந்தி மீதும்கூடப் பிள்ளைத்தமிழ் பாடினார்கள்.

இதன் கட்டமைப்பே ஒரு குட்டி அழகுக் கோட்பாடு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. ஆண்பிள்ளைக்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்று மூன்று. பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் முதலியவை. மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் இவற்றை அமைப்பது பாட்டியல் மரபு. பிறந்த சிசுவை விட்டுவிட்டு மூன்றாம் மாதத்தில் தொடங்குவது தற்செயலாகத் தெரியவில்லை. சிசுவைவிடச் சில மாதக் குழந்தையே கவர்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டதைப் பாட்டியல் ஆசிரியர்கள் தொட்டிலோரத்தில் கண்டிருக்கவேண்டும்.

பருவங்களின் வரிசையும் கவனிக்கத்தக்கது. முதலில் வருவது வருணனை அல்ல, காப்பு. பிள்ளைக்குத் தீங்கு வராமல் தெய்வங்களை அழைத்து நிறுத்திவிட்டுத்தான் கொஞ்சல் தொடங்குகிறது. அதன்பின் ஒவ்வொரு பருவமும் பிள்ளையின் உடம்பு அடையும் ஒரு புதுத் திறமை. செங்கீரையில் ஒரு கால் மடக்கி ஒரு கால் நீட்டித் தலை தூக்குகிறது, சப்பாணியில் கை தட்டுகிறது, வருகையில் நடக்கிறது. அம்புலியில் பெரியவர்கள் பிள்ளைக்காக நிலவிடம் வாதாடி, சாம பேத தான தண்டம் நான்கையும் பிரயோகிக்கிறார்கள். சிற்றிலில் நிலைமை தலைகீழாகிறது. மணல் வீடு கட்டிய சிறுமியர், எங்கள் வீட்டைக் காலால் சிதைக்காதே என்று அதே பிள்ளையிடம் கெஞ்சுகிறார்கள். எட்டுப் பருவங்களாகக் கொஞ்சப்பட்டவன் இப்போது கலைக்க வல்லவன். கடைசியில் தேர் உருட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறான்.

பிள்ளைத்தமிழில் பிள்ளையாக்கப்படுபவர் உண்மையில் அரசர் அல்லது தெய்வம். வலுவற்றதை மேலும் வலுவற்றதாக்கி ரசிப்பது என்னும் நிகாயின் குற்றச்சாட்டு இங்கே ஒட்டாது. மிகப் பெரியதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளும் துணிச்சல் இது. தூக்கியவருக்குத் தூக்கப்பட்டவர் யார் என்பது முழுக்கத் தெரியும். வாமனன் மாவலியிடம் மூன்றடி கேட்ட கதையும் அதே அறிவிலிருந்து வந்தது. குள்ளப் பிள்ளையைப் பார்த்து இரக்கப்பட்டவன் தலைமீது உலகளந்த கால் இறங்கியது.

குற்றத்தை ரசிப்பது

பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாடல் ஒன்று, பிள்ளை இல்லாதவருக்கு வாழ்நாள் பயனற்றது என்று சொல்ல வந்து, உணவில் கையை விட்டு அளைந்து நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைக் காட்டுகிறது. பிள்ளையின் சிறு கை அளைந்த கூழ் அமிழ்தைவிட இனிது என்பது வள்ளுவர் கருத்து. இரண்டிலும் இன்பம் தருவது ஒழுங்கு அல்ல, ஒழுங்கின்மை. சிந்தாமல் சாப்பிடும் குழந்தையைப் பாராட்டுவோம்; சிந்தும் குழந்தையைப் படம் எடுப்போம்.

குறை எப்படி அழகாகிறது? அழகியல் நூல்களைவிட வைணவ ஆசாரியர்கள் இதை நுட்பமாக விவாதித்திருக்கிறார்கள். இறைவனுக்கு அடியார் மீதுள்ள அன்பை வாத்சல்யம் என்பார்கள். அதாவது அன்று ஈன்ற கன்றிடம் பசுவுக்கு உள்ள அன்பு. கன்றின் மேலுள்ள அழுக்கைப் பசு நக்குகிறது. இதற்கு என்ன பொருள்? பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார், இறைவன் அடியாரின் குற்றத்தையே போக்கியமாகக் கொள்கிறான், அதாவது இனிதாகச் சுவைக்கிறான் என்றார்கள். வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார், குற்றத்தை அவன் காணாததுபோல் இருந்துவிடுகிறான் என்றார்கள்.

மோட்சம் பற்றிய விவாதம் இது. ஆனால் குட்டி அழகின் இரண்டு வகைகளையும் இது பிரித்துக்காட்டிவிடுகிறது. குழந்தையின் மழலையை ரசிப்பவர்களில் சிலர், குழந்தை பிடித்திருப்பதால் பிழை உச்சரிப்பைப் பொருட்படுத்தாதவர்கள். சிலர் பிழை உச்சரிப்பையே விரும்புபவர்கள். இரண்டாமவர் ஒரு படி வழுக்கினால், பிள்ளை சரியாகப் பேசத் தொடங்குவதையே விரும்பாதவர் ஆகிவிடுவார். பசு அங்கே வழுக்குவதில்லை. அழுக்கைச் சுவைத்தபடியே கன்றைச் சுத்தமாக்கிவிடுகிறது. ரசிப்பதும் வளர்ப்பதும் ஒரே செயலாக முடிகிறது.

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகருக்குக் கோரைக்கிழங்கு நைவேத்தியம் உண்டு. மண்ணைக் கிளறிக் கிழங்கு தின்பது பன்றியின் வழக்கம். பன்றியாக வந்தவருக்குப் பன்றிக்குப் பிடித்ததைக் கொடுக்கவேண்டும் என்று யாரோ முன்னோர் யோசித்திருக்கிறார்கள். பெருமாளுக்கு இது தகுமா என்று கேட்காமல், இதற்கு எது பிடிக்கும் என்று கேட்கும் மனம் பிள்ளை வளர்க்கும் மனம்தான்.

கடித்துவிடத் தோன்றும் அன்பு

குழந்தையின் கன்னத்தைக் கண்டால் கிள்ளத் தோன்றுகிறது; ‘அப்படியே கடிச்சுத் தின்னுடலாம்போல இருக்கு’ என்று பாட்டிகள் சொல்வதுண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் ஒரியானா அரகோனும் உடன் பணியாற்றியவர்களும் 2015இல் இதை ஆராய்ந்தார்கள். தாங்க முடியாத இனிய உணர்ச்சி எழும்போது அதற்கு எதிரான சைகை ஒன்று வெளிப்படுகிறது. உணர்ச்சியைச் சமநிலைக்குக் கொண்டுவர அது உதவலாம் என்பது அவர்களுடைய முடிவு. மகிழ்ச்சியில் கண்ணீர் வருவதும் இதே ரகம்.

இந்த முரட்டுத்தனம் நம் வீடுகளில் புதுச் செய்தி இல்லை. அதற்கு முறையே வகுத்திருக்கிறார்கள். குழந்தையின் முகத்தை இரு கைகளாலும் வழித்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் மடக்கி நெட்டி முறிக்கிறாள் கிழவி. எழுந்த வேகம் குழந்தையின் கன்னத்தில் இறங்காமல் அவளுடைய விரல் மூட்டுகளிலேயே சொடுக்கென்று தீர்ந்துபோகிறது. அடுத்தது திருஷ்டிப் பொட்டு. மை எடுத்துக் கன்னத்தில் ஒரு வட்டம் வைத்து, முழு அழகில் வேண்டுமென்றே ஒரு களங்கம் உண்டாக்குகிறார்கள். ரசிக்கும் கண்ணுக்கே ஆபத்து உண்டு என்று ஒப்புக்கொண்ட சமூகம் இது. கைபேசியில் குழந்தைகளின் படங்களை ஊருக்கெல்லாம் அனுப்பும் நாம் அந்த எச்சரிக்கையை இழந்துவிட்டோம்.

அச்சும் சூளையும்

குட்டி அழகு முழுவதும் மனதில் பிறப்பதில்லை. செய்பொருளும் கருவியும் அதைப் பாதி செய்கின்றன. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிறிது தூரத்திலிருக்கும் விருத்தாசலத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அகல் விளக்கு, மின்சாரத்துக்கான பீங்கான் சாமான், பொம்மை என்று தயாரிக்கும் சிறு கூடங்களும், இத்தொழிலைக் கற்பிக்கும் அரசு பாலிடெக்னிக்கும் உள்ள ஊர். பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் வெள்ளைக்களி உண்டு.

பொம்மை பிறக்கும் விதம் இது. களியையும் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் பொடிகளையும் தண்ணீர் விட்டு அரைத்துக் குழம்பாக்குகிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த இரண்டு பாதி மோல்டுகளைச் சேர்த்துக் கட்டி அதற்குள் ஊற்றுகிறார்கள். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்ச, சுவரோரமாகக் களி தோல்போலப் படிகிறது. போதுமான கனம் வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, சற்று இறுகியதும் மோல்டைப் பிரிக்கிறார்கள். நடுவில் ஓடும் கோட்டைக் கத்தியால் சுரண்டி ஈரப் பஞ்சால் துடைக்கிறார்கள். உலர்ந்தபின் ஒரு சூடு. கிளேஸ் தோய்த்து மறு சூடு. பிறகு வண்ணம்.

இந்த வேலையின் ஒவ்வொரு கட்டமும் பொம்மையை லோரன்ஸின் பட்டியலை நோக்கித் தள்ளுகிறது. நீட்டிய கையும் மெல்லிய காலும் மோல்டைப் பிரிக்கும்போது சிக்கும், சூளையில் வளையும், லாரியில் உடையும். ஆகவே கைகால்கள் குட்டையாகி உடம்போடு ஒட்டுகின்றன. தலையைத் தாங்க மெல்லிய கழுத்து ஆகாது. கழுத்து மறைந்து தலை நேராகத் தோளில் உட்கார்கிறது. முகம் எழுத இடம் வேண்டும் என்பதால் தலை பெரிதாகிறது. பஞ்சு துடைத்துத் துடைத்து மூக்கு மழுங்குகிறது. கிளேஸ் உருகி ஓடி மூலைகளை உருண்டையாக்குகிறது. உலர்வதிலும் சுடுவதிலும் உருவம் முழுவதும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கி, இன்னும் கைக்கடக்கமாகிறது. நாய் வார்த்தாலும் போலீஸ்காரர் வார்த்தாலும் வெளியே வருவது குட்டிதான். மோல்டு தராதது கண் ஒன்றுதான். அது தூரிகைக்காரரின் வேலை. புள்ளி கொஞ்சம் கீழே இறங்கினால் குழந்தை, கொஞ்சம் மேலே ஏறினால் பெரியவர். ஒரு நூல் விலகினால் மாறுகண்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் இந்த விதி பொருந்தும். சாய்த்தாலும் எழவேண்டுமானால் அடி கனமாகவும் உருண்டையாகவும் இருக்கவேண்டும். அதனாலேயே ராஜாவும் ராணியும் கால் இல்லாமல் தொப்பையோடு பிறக்கிறார்கள். பெரிய தலை, சிறிய கண், குட்டைக் கால், பானை வயிறு கொண்ட பிள்ளையார், களிமண் உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலே முக்கால்வாசி வந்துவிடும் உருவம். சதுர்த்திக்கு வீடுதோறும் மண்ணில் பிடிக்கப்படும் தெய்வம் அவராக இருப்பதில் பக்தியோடு மண்ணின் சௌகரியமும் சேர்ந்திருக்கிறது.

வளரவிடாத அழகு

களிமண்ணுக்குச் செய்வதை உயிருக்குச் செய்யும்போது கதை மாறுகிறது. 2003இல் ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே போகும் பக் நாய் வந்தது. இந்திய நகரங்களில் அந்த இனத்துக்குக் கிராக்கி கூடியது. தட்டை முகமும் துருத்திய கண்ணும் கிழடானாலும் மாறாத குட்டித் தோற்றத்தைத் தருகின்றன. அதற்கு விலையாக அந்த நாய் மூச்சு விடவே திணறுகிறது. நம் வெயிலில் அது இரட்டைத் துன்பம். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், பிரெஞ்சு புல்டாக் உள்ளிட்ட சில வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்றது. மிக்கியின் முகத்தில் ஓவியர்கள் பென்சிலால் செய்ததை இங்கே எலும்பில் செய்திருக்கிறார்கள்.

காட்டு உயிர்களுக்கும் இதே கதி. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்கு இன்னும் தெரியாது. நட்சத்திர ஆமைகள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கடத்தப்படுவதற்கு அவற்றின் உள்ளங்கை அளவும் ஓட்டுக் கோலமும்தான் காரணம். குட்டி அழகு உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. 1961 முதல் பாண்டாவைச் சின்னமாகக் கொண்ட உலக வனஉயிர் நிதியமும், ரகு என்னும் யானைக்குட்டியை வளர்த்த முதுமலைத் தம்பதியைப் பற்றி 2023இல் ஆஸ்கர் வென்ற ஆவணப்படமும் அந்த ஈர்ப்பை நல்ல வழியில் திருப்பியவை. ஆனால் முக அழகு வாய்க்காத தவளைக்கும் வௌவாலுக்கும் அந்த நிதியும் கண்ணீரும் எளிதில் கிடைப்பதில்லை.

2023 டிசம்பரில் ஆனைமலைப் பகுதியில் கூட்டத்தைப் பிரிந்த யானைக்குட்டி ஒன்றைத் தமிழ்நாடு வனத்துறையினர் மீட்டுத் தாயிடம் சேர்த்தார்கள். தாயை அணைத்தபடி அது உறங்கும் படம் நாடெங்கும் பரவியது. வைத்துக்கொள்ளவேண்டும் என்று எவருக்கும் தோன்றக்கூடிய குட்டியை, வேலை தெரிந்தவர்கள் தங்கள் கையிலிருந்து எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்பிவைத்தார்கள்.

மனிதர்களிடையே இது இன்னும் சிக்கலானது. தமிழ் சினிமாவில் வெகுகாலம் கதாநாயகி என்றால் ஐஸ்கிரீமுக்கு அடம்பிடிக்கிறவள், மழையில் குதிக்கிறவள், உலகம் தெரியாதவள். ரசிகர்களே ‘லூசுப் பொண்ணு’ என்று பெயர் வைத்துக் கேலி செய்யும் அளவுக்கு அது தேய்ந்தது. வேலைக்குப் போகும் வயதுள்ள பெண்ணைச் சிற்றில் பருவத்திலேயே நிறுத்திவைப்பது அது. சிற்றில் சிறுமியர் கெஞ்சியது வீடு கட்டத் தெரிந்ததால் என்பதையும் அந்தப் படங்கள் மறந்துவிட்டன. முதியவர்கள் கைபேசி பழகத் தடுமாறுவதை ‘ஸோ க்யூட்’ என்று படமெடுத்துப் போடுவதும், உயரம் குறைந்த மனிதர்களைப் பொம்மைபோல் கொஞ்சுவதும் இதன் கிளைகள். கொஞ்சப்படுபவர் மறுபேச்சுப் பேச முடியாத இடத்தில் நிறுத்தப்படுகிறார்.

முடிவாக

உயிரியலார் சொல்லும் தூண்டுதல் உண்மை; அதை யாரும் விலக்கிவிட முடியாது, விலக்கவும் வேண்டாம். அதற்குள் அதிகாரம் இருக்கிறது என்று நிகாய் சொல்வதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே தமிழ் மரபு ஓர் அளவுகோல் தருகிறது: சிறியதைச் சிறியதாகவே வைத்துக்கொள்ள விரும்புகிறோமா, அது ஆகப்போவதையும் சேர்த்து விரும்புகிறோமா? மருட்கையின் நான்கு இடங்களில் சிறுமையை அடுத்து ஆக்கத்தை வைத்தது, பத்துப் பருவத்தையும் பிள்ளையின் வளர்ச்சியாகவே அமைத்தது, குள்ளனை உலகளந்தவனாகவும் விரல் அளவு பன்றியைப் பூமி சுமப்பவனாகவும் கண்டது எல்லாம் ஒரே பார்வையின் பல வடிவங்கள். அந்தப் பார்வையில் குட்டி அழகு ஒரு நிலை அல்ல, கடந்துபோகும் பருவம். அது போய்விடும் என்பதாலேயே அவ்வளவு இனிக்கிறது.

சந்தைக்கு இந்தப் பருவம் கடந்துபோவது கட்டாது, நிறுத்திவைத்தால்தான் விற்கலாம். களிமண்ணை நிறுத்திவைப்பதில் தவறு ஒன்றும் இல்லை. விருத்தாசலத்து நாய்க்குட்டி நூறு ஆண்டு கழித்தும் குட்டியாகவே இருக்கட்டும், அதற்குத்தானே இருமுறை சூளையில் வைக்கிறார்கள். மூச்சுத் திணறும் நாயையும், வயது வந்த பெண்ணையும், நடுங்கும் கிழவரையும் அந்தச் சூளையில் வைக்கக்கூடாது. ஒரு விளம்பரத்தையோ திரைப்படத்தையோ வளர்ப்புப் பிராணிக் கடையையோ மதிப்பிடும்போது, இதில் வரும் குட்டிக்கு அடுத்த பருவம் என்று ஒன்று உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். உண்டு என்றால் மனதாரக் கொஞ்சலாம். இல்லையென்றால் காசையும் கைதட்டலையும் நிறுத்திக்கொள்ளலாம்.